நாமே கட்டும் லினக்ஸ்

ஆயத்த ஆடை வாங்கி உடுத்துவோர் பலர். துணியெடுத்துத் தாமே தைப்போர் சிலர். லினக்ஸ் இயங்குதளத்திலும் இவ்விரு வகையினர் உண்டு. டெபியன் போன்ற குழுவினர் அதனை ஆயத்தமாகவே அளிக்கின்றனர். மூலநிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தாமே கட்ட விழைவோர்க்கென, 1999-இல் ஜெரார்டு பீக்மன்ஸ் என்பவர் 'லினக்ஸ் ஃபிரம் ஸ்கிராட்ச்' என்னும் வழிகாட்டி நூலைத் தொடங்கினார்.

கட்டுவதற்குப் பொறுமை போதும். கட்டியதைப் பேணுவதே கடினம். டெபியனில் எக்கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்று காட்டும் பேரேடு ஒன்று உண்டு. நாம் கட்டியதில் அது இராது. விடுதித் துணிகளையெல்லாம் எண் தைக்காமல் ஒரே கொடியில் உலர்த்தினால் எப்படியிருக்கும்? அந்நிலைதான்! இதற்குப் பல உபாயங்கள் உள. மென்பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பயனர் பெயரில் நிறுவுவது ஒன்று. கோப்பின் உரிமையாளரைப் பார்த்தாலே அது எதற்குரியது என்று தெரிந்துவிடும். தொடக்கத்தில் வேலை மிகுதி; ஆயினும் என் மனத்துக்கு உகந்தது இதுவே.

"ஓடுவதை ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்கலாம். 2014 ஏப்ரலில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறைகுறி நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. கணினியின் நினைவகத்திலுள்ள இரகசியங்கள் அதன் வழியே கசியக்கூடும். 1.0.1ஜி பதிப்பு அதை அடைத்தது. ஆயத்தத் தளத்தாருக்குத் திருத்தம் தேடி வந்தது; தாமே கட்டியோர் தாமே அறிந்து, தாமே கட்டவேண்டியதாயிற்று. நூலகக் கோப்பின் பெயர் மாறாததால், அதைப் பகிர்ந்த நிரல்களை மீண்டும் கட்டவேண்டிய தேவை எழவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்தவற்றை நிறுத்தித் தொடங்கும்வரை அவை பழைய ஓட்டை நூலகத்தையே பற்றியிருந்தன. இதை மறந்தவர்க்குப் பாதுகாப்பு ஏது?

நூலகப் பெயரின் எண் 1-லிருந்து 2-க்கு மாறினாலோ வேறு கதை. பழைய நிரல்கள் 1-ஐயே தேடும். அவை அனைத்தையும் மீண்டும் கட்டி முடிக்கும்வரை பழையதை நீக்கலாகாது.

கெர்னலை மாற்றுவது எளிது. பழையதையும் தொடக்கப் பட்டியலில் விட்டுவைக்கலாம். அச்சத்திற்குரியது கிளிப்சி என்னும் அடிப்படை நூலகமே. புதிய கிளிப்சி வேண்டுமாயின் முழுத் தளத்தையும் மீண்டும் கட்டுவதே பாதுகாப்பு என்று அந்நூலே நெடுங்காலம் கூறிவந்தது. கோப்பைப் பார்க்கும் கட்டளை, நகலெடுக்கும் கட்டளை, பெயர் மாற்றும் கட்டளை யாவும் அதைச் சார்ந்தவை. அது பழுதானால் பழுதைச் சரிசெய்யும் கருவிகளும் உடன் நின்றுவிடும். பிறகு வேறொரு வட்டிலிருந்து கணினியை இயக்கித்தான் பழைய கோப்பைத் திரும்ப வைக்கவேண்டும்.