நோலன் புஷ்னெல்: யார் உழைப்பு, யார் கணக்கில்?

அட்டாரியைத் தொடங்கிய நோலன் புஷ்னெல், வீடியோ கேமைத் தொழிலாக்கிய மனிதர். அந்தப் பெருமை அவருக்கு முழுக்கவே தகும். ஆனால் அவரைப் பற்றிப் புழங்கும் கதைகளில் பல, அடுத்தவர் உழைப்பை அவர் கணக்கில் வரவு வைக்கின்றன. சில கதைகளோ அவர் செய்யாத தவறை அவர் தலையில் கட்டுகின்றன. இரண்டுமே அநியாயம்.

நம்பிக்கை: வீடியோ கேமைக் கண்டுபிடித்தவர் புஷ்னெல்.

இல்லை. 1958லேயே அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்போதம் ஆசிலோஸ்கோப் திரையில் டென்னிஸ் ஆடவைத்தார். 1962ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். புஷ்னெலுக்கு ஆசையைக் கிளப்பியதே அந்த ஆட்டம்தான். வீட்டு டி.வி.யில் இணைத்து விளையாடும் கருவியை 1960களின் பின்பாதியில் உருவாக்கியவர் ரால்ஃப் பேயர். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவனாகத் தப்பி வந்த யூதர் அவர். அவருடைய கருவியை மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972ல் 'ஒடிஸி' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதம், கலிஃபோர்னியாவின் பர்லிங்கேம் நகரில் அதை விளையாடிக் காட்டிய இடத்துக்கு புஷ்னெல் போயிருந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டார். பின்னாளில் மேக்னவாக்ஸ் காப்புரிமை வழக்குப் போட்டபோது அந்தக் கையெழுத்தே அட்டாரிக்கு எதிரான சாட்சியானது. 1976ல் அட்டாரி சமரசத்துக்கு வந்து, உரிமத்துக்குப் பணம் கட்டியது.

நம்பிக்கை: அட்டாரியின் 'பாங்' மேசைப்பந்து ஆட்டத்தின் நிரலை எழுதியவர் புஷ்னெல்.

இதில் இரட்டைப் பிழை. முதலில், பாங்கில் நிரல் என்று எதுவுமே கிடையாது. நுண்செயலியும் கிடையாது. சில்லுகளைக் கம்பிகளால் இணைத்துக் கட்டிய வெறும் மின்சுற்று அது. இரண்டாவது, அதைக் கட்டியவர் ஆலன் ஆல்கார்ன். அட்டாரியில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் பொறியாளர். கை பழகட்டும் என்று புஷ்னெல் அந்த வேலையைக் கொடுத்தார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காகச் செய்வதாக அவரை நம்பவும் வைத்தார். அப்படி ஓர் ஒப்பந்தமே இல்லை.

ஆல்கார்ன் சொன்னதை மட்டும் செய்துவிட்டு நிற்கவில்லை. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்பும். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடும். மின்சுற்றில் இருந்த ஒரு குறையால் மட்டை திரையின் உச்சி வரை போகவில்லை. அதைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார், ஏனென்றால் அந்த இடைவெளி இல்லாவிட்டால் கைதேர்ந்த இருவர் ஆடும் ஆட்டம் முடியவே முடியாது. என்னைக் கேட்டால், அந்தக் குறையைப் பிழையாகப் பார்க்காமல் ஆட்டமாகப் பார்த்த கண்ணில்தான் விளையாட்டு வடிவமைப்பு என்ற கலையே இருக்கிறது. கடையில் வாங்கிய சாதாரண கறுப்பு வெள்ளை டி.வி.யை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, 1972ல் சன்னிவேல் நகரின் ஆண்டி கேப்ஸ் மதுக்கடையில் நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் இயந்திரம் ஓடவில்லை என்று புகார் வந்தது. ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது.

நம்பிக்கை: அட்டாரி ஒரே மனிதரின் கனவு.

இந்தக் கதைதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1972 ஜூனில் அட்டாரியைப் பதிவு செய்தவர்கள் இருவர். இரண்டாமவர் டெட் டாப்னி. ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் புஷ்னெலோடு வேலை பார்த்தவர். அட்டாரிக்கு முன் இருவரும் சேர்ந்து செய்த 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்' ஆட்டத்தை ஒரு நோவா மினி கணினியை வைத்து ஓட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். விலை கட்டுப்படியாகவில்லை. கணினியே இல்லாமல் டி.வி. திரையில் புள்ளிகளை நகர்த்தும் மின்சுற்றை அமைத்துக் காட்டியவர் டாப்னி. அதை நம்பித்தான் கம்ப்யூட்டர் ஸ்பேஸ் 1971ல் வெளிவந்தது. அந்த மின்சுற்றின் காப்புரிமையில் புஷ்னெல் பெயர் மட்டும் இருந்தது. 1973ல் டாப்னி நிறுவனத்தை விட்டு விலகினார். அதன்பிறகு பல ஆண்டுகள் அவர் பெயரை எடுப்பாரில்லை. 2018ல் அவர் காலமானார்.

அப்படியானால் புஷ்னெல் என்னதான் செய்தார்? நிறையச் செய்தார். யூட்டாவில் கல்லூரியில் படித்தபடியே 'லகூன்' பொழுதுபோக்குப் பூங்காவின் விளையாட்டுக் கடைகளில் வேலை செய்தவர் அவர். நின்று பார்க்கிறவனைக் காசு போட வைப்பது எப்படி, தோற்றவனை இன்னொரு முறை ஆட வைப்பது எப்படி என்பதெல்லாம் அங்கே கற்ற பாடம். ஸ்பேஸ்வாரைப் பார்த்த பலருக்கு அது கணினியின் வித்தை. அதில் ஒரு காசுத் துளை பொருத்தினால் என்ன ஆகும் என்று யோசித்து, அந்த யோசனைக்குப் பின்னால் விடாமல் ஓடியவர் இவர். பேயரிடம் கருவி இருந்தது, டாப்னியிடமும் ஆல்கார்னிடமும் கைத்திறன் இருந்தது. சந்தையை உண்டாக்கும் வெறி புஷ்னெலிடம் இருந்தது.

நம்பிக்கை: அட்டாரியின் 'பிரேக்அவுட்' ஆட்டம் ஸ்டீவ் ஜாப்ஸின் படைப்பு.

யோசனை புஷ்னெலும் ஸ்டீவ் பிரிஸ்டோவும் தந்தது. வேலை ஜாப்ஸிடம் கொடுக்கப்பட்டது. இரவு பகலாக உட்கார்ந்து மின்சுற்றை வடிவமைத்தவர் அவருடைய நண்பர் வோஸ்னியாக். சில்லுகளை அவர் அவ்வளவு நெருக்கிக் குறைத்திருந்ததால் அட்டாரியால் அதை அப்படியே உற்பத்தி செய்ய முடியவில்லை.

நம்பிக்கை: 'ஈ.டி.' ஆட்டத்தை வெளியிட்டு அட்டாரியைக் கவிழ்த்தவர் புஷ்னெல்.

1976லேயே அவர் அட்டாரியை வார்னர் நிறுவனத்துக்கு 2.8 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். 1978 இறுதியில் வார்னர் நிர்வாகத்தோடு மோதி, வெளியேற்றப்பட்டார். ஈ.டி. வந்ததோ 1982ல். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஐந்தே வாரத்தில் அதை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. விற்காத கேட்ரிட்ஜ்கள் 1983ல் நியூ மெக்ஸிகோவின் அலமொகோர்டோவில் புதைக்கப்பட்டபோது புஷ்னெலுக்கும் அட்டாரிக்கும் சம்பந்தமே இல்லை. 2014ல் தோண்டிப் பார்த்தபோது குழியில் ஈ.டி. மட்டுமல்ல, நன்றாக விற்ற ஆட்டங்களும் கிடைத்தன.

புஷ்னெல் பேரில் எழுத வேண்டிய தோல்வி வேறு. அட்டாரியில் இருந்தபோதே தொடங்கி, பிறகு வார்னரிடமிருந்து வாங்கிய 'சக் ஈ. சீஸ்' பீட்சா உணவகங்களை அளவுக்கு மீறி விரித்தார். கடன் கழுத்தை நெரித்தது. 1984ல் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. போட்டி நிறுவனம் ஒன்று அதை வாங்கிக்கொண்டது.