விபத்துக்குப் பின் நம் உரிமை: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கல்லாவுக்கு வந்தவன் நான். சட்டம் படித்தவனல்ல. ஆயினும், பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்றை நம் வியாபாரிகளுக்குச் சொல்லாமலிருப்பது தகாது என்று எண்ணி இதை எழுதுகிறேன். குறையிருந்தால் பொறுத்தருள்க.

என் தங்கை மாப்பிள்ளை பட்டர்வொர்த்துப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தார். 2022ஆம் ஆண்டில் ஒருநாள் சுபுஹு தொழுதுவிட்டு, சாமான் எடுக்க மோட்டார் சைக்கிளில் போனவரை லாரியொன்று மோதிவிட்டது. அப்போது அவருக்கு வயது 38. அல்லாஹ் உயிரைக் காத்தான். ஆனால் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மூன்று பிள்ளைகளும் சிறியவர்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆள் வந்தார். இனிக்க இனிக்கப் பேசினார். "வழக்கையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு" என்றார். எழுதாத தாளொன்றில் கையெழுத்துக் கேட்டார். தங்கை பேனாவைக் கையில் பிடித்தபடி, "காக்கா, போட்டுடவா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "பொறு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு நாள் அவகாசம் பெரும் நஷ்டத்திலிருந்து எங்களைக் காப்பாற்றியது.

வழக்கு வேண்டாமென்று சொன்னவர்களும் உண்டு. "கத்ரு அப்படி, கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது?" என்றார்கள். மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்கள் 'தியத்து' என்னும் பாடத்தை மறந்திருக்கமாட்டார்கள். உயிருக்கும் உறுப்புக்கும் ஈடு கேட்கும் உரிமையை நம் மார்க்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மன்னிப்பது பெருங்குணம், ஆனால் அது காயம்பட்டவர் தாமே மனமுவந்து செய்ய வேண்டியது. அறியாமையால் உரிமையை இழப்பதற்கு மன்னிப்பு என்று பெயரில்லை.

இனி, நான் கற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, போலீஸ் ரிப்போர்ட். விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்யவேண்டுமென்பது மலேசியாவின் சாலைச் சட்டம். காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் குடும்பத்தார் போய் விவரம் சொல்லவேண்டும். பிறகு போலீசார் வரைந்த இடவரைபடத்தையும் அதன் விளக்கத்தையும் கட்டணம் செலுத்திப் பெறலாம். விபத்து நடந்த இடத்தையும், உடைந்த வண்டியையும், தலைக்கவசத்தையும் படமெடுத்து வையுங்கள். கண்டவர் இருந்தால் பெயரும் விலாசமும் கேட்டு எழுதுங்கள். ஏனென்றால், நம் பக்கம் நூற்றுக்கு 20 பங்கு பிழையென்று கோர்ட்டு கண்டால், நஷ்டஈட்டிலும் 20 பங்கு குறைந்துவிடும்.

இரண்டாவது, வக்கீல். ஆஸ்பத்திரி வாசலில் ஆள்பிடிக்க வருகிறவர் வக்கீலல்ல, தரகர். வழக்கில் ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டம் வக்கீல்களுக்குத் தடைசெய்கிறது. ஆகவே, பங்கு பேசுகிறவரிடம் ஆரம்பத்திலேயே பிழை இருக்கிறது. வக்கீலின் அலுவலகத்துக்கு நாமே போய், அவரையே நேரில் கண்டு, கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று எழுத்தில் கேட்கவேண்டும். அவர் இவ்வாண்டு தொழில் நடத்த அனுமதி பெற்றவர்தானா என்பதை வக்கீல் சங்கத்தில் விசாரிக்கலாம். கையில் பணமில்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும், வக்கீல் சங்கத்தின் சட்ட உதவி நிலையங்களும் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்து உதவி செய்வார்கள்.

தலையில் அடிபட்டுச் சுயபுத்தி இல்லாமல் கிடப்பவர் வழக்குப் போட முடியாதே என்று கலங்கவேண்டாம். மனைவியோ, தகப்பனாரோ, உடன்பிறந்தவரோ அவர் சார்பில் பிரதிநிதியாக நின்று வழக்கு நடத்தச் சட்டம் வழிவிடுகிறது.

மூன்றாவது, அவசரமும் தாமதமும். இரண்டும் கெடுதல். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆரம்பத்தில் சொல்லும் தொகை கையில் காசில்லாத நேரத்தில் பெரிதாகத் தோன்றும். முழுத் தீர்வு என்று ஒருமுறை கையெழுத்திட்டு வாங்கிவிட்டால், பின்னால் படுக்கைப் புண் வந்தாலும், மறு ஆபரேஷன் தேவைப்பட்டாலும் திரும்பக் கேட்பதற்கில்லை. உடல் நிலை எங்கே வந்து நிற்குமென்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த பிறகே தொகை பேசவேண்டும். அதேசமயம் காலக்கெடுவையும் மறக்கக்கூடாது. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு. அரசாங்கத்தின் மீது வழக்கென்றால் 3 ஆண்டுதான். விபத்தில் மௌத்தானவரின் குடும்பம் ஆதரவு இழந்ததற்காகப் போடும் வழக்குக்கும் 3 ஆண்டே.

நான்காவதுதான் நம்மைப்போன்ற வியாபாரிகளுக்கு முக்கியமானது. அது வருமானத்துக்கு ருசு.

வலிக்கும் வேதனைக்கும், ஆன செலவுக்கும், இனி ஆகப்போகும் வைத்தியத்துக்கும் பணிவிடைக்கும் கோர்ட்டு தனித்தனியே தொகை வைக்கும். இவற்றுக்கெல்லாம் ரசீதும் டாக்டர் ரிப்போர்ட்டும் வேண்டும். சக்கர நாற்காலி ரசீதிலிருந்து பஞ்சு வாங்கிய ரசீதுவரை எதையும் எறியாதீர்கள். இவை போக, இனி சம்பாதிக்க முடியாமற் போன வருமானத்துக்கு 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு 16 ஆண்டு; 31 முதல் 59 வயதுவரை உள்ளவருக்கு, 60இலிருந்து வயதைக் கழித்து மீதியில் பாதி. 60 வயதை எட்டியவருக்கு இந்த வகையில் ஒன்றுமில்லை. தம் சொந்த உழைப்பில் வந்த வருமானத்தைத்தான் எடுப்பார்கள். அதிலும் சொந்த ஜீவனச் செலவைக் கழிப்பார்கள்.

நம் மாப்பிள்ளையின் வயதையே வைத்துக் கணக்குப் பாருங்கள். 60இல் 38 போக 22. அதில் பாதி 11 ஆண்டு. ஜீவனச் செலவு போக மாதம் 2,000 வெள்ளி என்று ருசுவானால், 11 ஆண்டுக்கு 2,64,000 வெள்ளி. 500 வெள்ளிதான் ருசுவானால் 66,000 வெள்ளி. வித்தியாசம் 1,98,000 வெள்ளி! உழைப்பு ஒன்றே, மனிதர் ஒருவரே. எழுதி வைத்ததும் வைக்காததும்தான் பேதம்.

மாப்பிள்ளையிடம் என்ன இருந்தது? பற்று எழுதிய நோட்டு இரண்டு. வருமான வரிக் கணக்கு இல்லை. கல்லாவில் விழுந்ததை பாங்கில் போடும் வழக்கமும் இல்லை. "சின்னக் கடைக்கு எதற்கு மச்சான் அந்தத் தலைவலியெல்லாம்?" என்று முன்பு அவருக்கு யோசனை சொன்னவன் வேறு யாருமல்ல, நானேதான். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் "கணக்கு எங்கே?" என்று கேட்டபோது, சக்கர நாற்காலியில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மொத்தக் கடைக்காரர் ஒருவர் பழைய பில்களைத் தேடி எடுத்துக் கொடுத்ததால் ஒரு பகுதி ருசுவாயிற்று. வழக்கு தீர்ந்து தொகையும் வந்தது. ஆனால் நியாயமாக வரவேண்டியதில் பெரும்பங்கு வரவில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா சூராவின் 282ஆம் வசனத்தை நான் பிள்ளைப் பருவத்திலேயே ஓதியிருக்கிறேன். அதன் அருமை விளங்க இத்தனை காலம் ஆயிற்று.

ஐந்தாவது, நம் கடைச் சிப்பந்திகள். அவர்கள் நம்மிடம் உள்ள அமானத்து. அவர்களைச் சொக்சோவில் பதிந்து சந்தா கட்டுவது முதலாளியின் கடமை. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகளுக்கும் இது உண்டு. வேலையில் காயம்பட்டால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். வைத்தியமும், நிரந்தர ஊனத்துக்கு உதவிப்பணமும், எப்போதும் ஆள் துணை வேண்டிய நிலையிலுள்ளவருக்குப் பராமரிப்புப் படியும் அங்கிருந்து கிடைக்கும். யார் பிழையென்று வாதாடவேண்டியதில்லை. சொந்தத் தொழில் செய்வோருக்கென 2017ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கென்று இருந்தது, பிறகு சிறு வியாபாரிகளுக்கும் திறந்துவிடப்பட்டது. மாப்பிள்ளை அதில் சேர்ந்திருக்கவில்லை. அதுவும் எங்கள் தவறே.

சகோதரர்களே! ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்றிருப்பது தவக்குல் ஆகாது என்பதை நாம் அறிவோம். இன்றிரவு கடை சாத்தியதும் மூன்று காரியம் செய்யுங்கள். அன்றைய வரவு செலவை எழுதுங்கள். சிப்பந்திகளின் பெயரும் உங்கள் பெயரும் சொக்சோவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம்பத்தக்க வக்கீல் ஒருவரின் பெயரையும், கணக்குப் புத்தகங்கள் இருக்குமிடத்தையும் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிவையுங்கள். ஆஸ்பத்திரியில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது அவர்கள்தாம்.

என் தங்கைதான் இன்று கடையை நடத்துகிறாள். மாப்பிள்ளை சக்கர நாற்காலியில் அமர்ந்து கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு நாளும் இரவு கணக்கு எழுதிய பிறகே விளக்கை அணைக்கிறார்.

அல்லாஹ் நம் எல்லோரையும் ஆபத்திலிருந்து காப்பானாக. ஆபத்து வந்தாலும் அறிவோடு நடக்க உதவுவானாக. ஆமீன்.