கந்தையும் கைத்தொழிலும்

ஈகையைப் போற்றுதல் தமிழிலக்கியத்தின் தொன்மரபாகும். முடத்தாமக்கண்ணியார் இயற்றிய பொருநராற்றுப்படையில், வேற்று நூலால் பன்முறை தைக்கப்பட்டு நைந்துபோன பொருநனின் கந்தையை நீக்கி, பாம்பின் சட்டையை ஒத்த மெல்லிய பூவாடையைக் கரிகாற்சோழன் வழங்கும் காட்சி உண்டு. இரவலன் மகிழ்ந்தான், புரவலன் புகழ் பெற்றான். ஆயின், நீக்கப்பட்ட அக்கந்தை என்னவாயிற்று? புத்தாடையும் ஒரு நாள் கந்தையாகுமே, அப்போது அப்பொருநன் என் செய்வான்? இவ்விரு வினாக்களுக்கும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் விடை உண்டு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கந்தை கோடரியானது

அன்சாரிகளுள் ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து இரந்து நின்றார். வீட்டில் என்ன உள்ளது என அவர்கள் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் முரட்டுத் துணி ஒன்றும், நீர் பருகும் கிண்ணம் ஒன்றுமே உள்ளன என்றார் அவர். அவற்றைக் கொணரச் செய்து, தம் திருக்கரத்தால் ஏந்தி ஏலங்கூறினார்கள் நபியவர்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்காயிற்று. மற்றதற்குக் கோடரி வாங்கப்பட்டது. அதற்குத் தம் கரத்தாலேயே காம்பு பொருத்தித் தந்து, விறகு வெட்டி விற்குமாறும் பதினைந்து நாள் கழித்து வருமாறும் பணித்தார்கள். மீண்டு வந்தவர் பத்துத் திர்ஹம் ஈட்டியிருந்தார். அதில் சிலவற்றுக்கு ஆடையும் சிலவற்றுக்கு உணவும் வாங்கினார். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சி அபூதாவூது தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

பழந்துணி முதலாயிற்று, முதல் தொழிலாயிற்று, தொழில் மீண்டும் ஆடையாயிற்று. நம் இரு வினாக்களுக்கும் இஃதே விடை.

கொடுக்கத்தக்கது எது?

தாமே கண்ணை மூடிக்கொண்டன்றிப் பெற விரும்பாத மட்டமானவற்றைத் தருமத்திற்கெனத் தேர்ந்தெடுத்தல் ஆகாது என்பது திருமறையின் (2:267) கட்டளை. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நாகைக் கடலோர ஊர்களில், அனுப்பப்பட்ட பழந்துணிகள் கொள்வாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. அனைத்தையும் இழந்த மீனவ மக்கள் மானத்தை இழக்கவில்லை. வேண்டாததைக் கழித்தல் வேறு. ஈதல் வேறு என்பதை அக்குவியல்கள் நமக்கு உணர்த்தின.

பிற சான்றுகள்

1902 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் மெதடிஸ்ட் போதகர், செல்வர் இல்லங்களில் பழந்துணி திரட்டினார். அவற்றை அப்படியே வழங்காமல், ஏழைகளைக் கொண்டே செப்பனிடச் செய்து, விற்று, ஊதியம் அளித்தார். 'குட்வில்' என்னும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. நம் நாட்டில் அன்ஷு குப்தா 1999 இல் தொடங்கிய 'கூஞ்ச்' சமயம் சாராதது. சிற்றூர் மக்கள் தம் ஊருக்குக் கிணறு வெட்டுவர், பாதை செப்பனிடுவர். அவ்வுழைப்பின் மதிப்பாகவே ஆடை பெறுவர். உடுத்த உதவாத துணிகள் பைகளாகவும் விரிப்புகளாகவும் தைக்கப்படுகின்றன. அன்ஷு குப்தாவுக்கு 2015 இல் மகசேசே விருது கிடைத்தது.

நாம் செய்யத்தக்கவை

கைம்பெண்களுக்கு ஜக்காத் நிதியிலிருந்து தையல் எந்திரம் வழங்கும் நல்வழக்கம் நம் ஜமாஅத்துகள் பலவற்றில் உண்டு. ஆயின் துணியும் வேலையும் தொடர்ந்து கிட்டாவிடில் எந்திரம் வீட்டு மூலையில் தூசு படிந்து கிடக்கும். எந்திரம் ஜக்காத்தாகச் செல்லும் வீட்டிற்கே, துணி ஸதகாவாகச் செல்லட்டும். நல்ல ஆடைகளைத் துவைத்து மடித்து உடுத்தத் தருவோம். ஏனையவற்றைப் பருத்தி வேறு, செயற்கை இழை வேறு எனப் பிரிப்போம். பித்தான்களைத் தனியே எடுத்து வைப்போம். பழஞ்சேலை மெத்தை விரிப்பாகும். தடித்த காற்சட்டை பையாகும். துண்டுத் துணி கால்மிதியாகும். தைத்தவற்றை உரிய விலை கொடுத்து வாங்குவதும் ஈகையின் பகுதியே. மாணவர்கள் இப்பணியைத் தம் தெருவிலேயே தொடங்கலாம். பெரியோர் விற்பனைக்கு வழிகாட்டலாம்.

கோடரிக்குக் காம்பு பொருத்திய திருக்கரம் நமக்கு முன்மாதிரி. இன்று பெறும் கை நாளை கொடுக்கும் கையாக வேண்டும். அதற்குத் துணைநிற்கும் ஈகையை வல்ல அல்லாஹ் நம் அனைவரிடமிருந்தும் ஏற்றருள்வானாக!