உழவு இயந்திரத்தின் பின்சில்லுப் பிறேக் தளர்ந்தால் செய்யவேண்டியவை

நெல்வயலில் உழவு இயந்திரம் சேற்றிலும் நீரிலும் நின்று வேலை செய்கின்றது. அறுவடை முடிந்ததும் அதே இயந்திரம் நெல் மூடைகளையும் மரக்கறிகளையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வருகின்றது. வயலில் பிறேக்கின் குறை பெரிதாகத் தோன்றாது; கலப்பை மண்ணில் இறங்கியிருக்கையில், கிளச்சை மிதித்தவுடன் இயந்திரம் நின்றுவிடும். பாரம் ஏற்றிய பெட்டியுடன் குளக்கட்டிலிருந்து இறங்கும்போதுதான் அக்குறை வெளிப்படும். அப்பொழுது திருத்துதற்கு நேரம் இராது. ஆகவே ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும், நெல் ஏற்றத் தொடங்கு முன்னரும் பிறேக்கைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

பிறேக்கின் அமைப்பு

வயல் வேலைக்குப் பயன்படும் நாற்சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றில் பின்சில்லுகள் இரண்டுக்கு மட்டுமே பிறேக் உண்டு. இடது சில்லுக்கு ஒரு மிதியும் வலது சில்லுக்கு ஒரு மிதியும் தனித்தனியே உள்ளன. வரம்போரத்தில் குறுகத் திருப்புதற்கு ஒரு மிதியை மட்டும் மிதிப்பர். தெருவில் ஓட்டும்போது இரு மிதிகளையும் கொளுக்கியால் ஒன்றாக இணைத்தல் வேண்டும்.

பழைய இயந்திரங்கள் பலவற்றில், சில்லுடன் சுழலும் டிறம் ஒன்றும், அதனுள்ளே வளைந்த இரு பிறேக் சூக்களும் உள்ளன. மிதியை மிதித்ததும் சூக்கள் விரிந்து, அவற்றின்மேல் ஒட்டிய லைனிங் டிறம்மை உராய்கின்றது. இவ்வுராய்வைக் குறைக்கும் எதுவும் பிறேக்கைத் தளர்த்தும்.

சோதிக்கும் முறை

பெட்டியைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத சமதரையான மண்தெருவில் இயந்திரத்தை மெதுவாக ஓட்டுக. இரு மிதிகளையும் இணைத்து மிதித்து நிறுத்துக. பின்னர் இறங்கி, சில்லுகள் மண்ணில் விட்ட அடையாளங்களைப் பார்க்க. இரு அடையாளங்களும் ஒரே நீளமாக இருப்பின் பிறேக் சமமாகப் பிடிக்கின்றது. ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் இருப்பின், அல்லது இயந்திரம் ஒரு புறம் இழுப்பின், ஒரு சில்லின் பிறேக் தளர்ந்துள்ளது.

இரு பிறேக்கும் ஒரே அளவாகத் தளர்ந்திருப்பதிலும் ஒன்று மட்டும் தளர்ந்திருப்பது கேடானது. முன்னதில் இயந்திரம் நிற்கத் தாமதமாகும். பின்னதில் அது திடீரெனத் திரும்பிக் கட்டிலிருந்து வாய்க்காலுள் சரியவுங்கூடும்.

காரணங்களும் பரிகாரமும்

1. நீரும் சேறும். ஆழச் சேற்றில் உழுதபின் டிறம்மினுள் நீர் புகுந்திருக்கலாம். தெருவில் ஏறுமுன், மெதுவாக ஓட்டியபடி பலமுறை மிதியை இலேசாக மிதித்தால் அச்சூட்டில் லைனிங் உலரும். உலர்ந்த பின்னும் பிடியாவிடின் வேறு காரணத்தைத் தேடுக.

2. மிதியின் வெற்றோட்டம் கூடுதல். லைனிங் தேயத்தேய மிதி கீழே ஆழ்ந்து செல்லும். இரு மிதிகளையும் கையால் அழுத்திப் பார்த்து, ஒரே உயரத்தில் இறுகுகின்றனவா என அறிக. இது சரிசெய்தலால் தீரும்.

3. இணைப்புக் கம்பிகளில் துரு. மிதித்த மிதி முற்றாக மேலெழாவிடின் கம்பிகளின் மூட்டுக்கள் துருப்பிடித்துள்ளன. துருவை நீக்கி, மூட்டுக்களுக்கு மட்டும் எண்ணெய் இடுக.

4. லைனிங்கில் எண்ணெய். பின் அச்சின் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து டிறம்மினுள் செல்லும். சில்லின் உட்புறத்தில் எண்ணெய்க் கறை காணப்படும். எண்ணெய் ஊறிய லைனிங்கை நெருப்பில் வாட்டியோ உரைதாளால் தேய்த்தோ மீண்டும் பூட்டுவது பயனற்றது. சூடேறியதும் உள்ளூறிய எண்ணெய் வெளிவரும். சீலையும் லைனிங்கையும் மாற்றுதலே பரிகாரம். ஒரு புறத்து லைனிங்கை மாற்றினால் மறுபுறத்தையும் உடன் மாற்றுக.

5. தேய்ந்த லைனிங். மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்பின் லைனிங் முடிந்துவிட்டது. மேலும் ஓட்டினால் டிறம்மும் கெடும்.

டிறம்மைத் திறந்தால் அதிலுள்ள தூசை வாயால் ஊதுதலோ காற்றடித்தலோ கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலுக்குக் கேடான அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தெடுக்க.

சரிசெய்யும் முறை

சமதரையில் இயந்திரத்தை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை இடுக. பின் அச்சை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான மரக்குற்றிகளின்மேல் இருத்துக. ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்தல் ஆகாது. கியரை நடுநிலையில் விட்டு, கைப்பிறேக்கையும் தளர்த்துக. சில்லைக் கையால் சுற்ற முடியாத அளவுக்குச் சரிசெய்யும் சுரையை இறுக்கி, பின்னர் சில்லு தடையின்றிச் சுழலும் வரை சிறிது சிறிதாகத் தளர்த்துக. மறுசில்லுக்கும் அவ்வாறே செய்க. மிதியின் வெற்றோட்டம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். அதனுடன் வந்த கைந்நூலில் உள்ள அளவையே கொள்க. முடிவில் மண்தெருச் சோதனையை மீண்டும் செய்க.

சில இயந்திரங்களில் பிறேக் தட்டுக்கள் எண்ணெயில் அமிழ்ந்துள்ளன. அவற்றில் எண்ணெயின் மட்டத்தைப் பார்ப்பதுடன் நின்று, மற்றதைத் தேர்ந்த திருத்துநரிடம் விடுக.

தெருவில் நினைவிற்கொள்ள வேண்டியவை

வயலைவிட்டு ஏறுமுன் இரு மிதிகளையும் கொளுக்கியால் இணைக்க. இதனை மறப்பதால் நல்ல பிறேக்கும் ஒரு சில்லை மட்டும் பிடிக்கும். பெட்டியின் பாரம் இறக்கத்தில் இயந்திரத்தை முன்னே தள்ளும். ஆதலால் இறங்கத் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறி, இடையில் கிளச்சை மிதியாது இறங்குக. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் இயந்திரம் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரத்தைவிட, 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்வது 4 மடங்கு தூரம் ஓடியே நிற்கும். மூடைகளின்மேல் ஆட்களை ஏற்றுதல் ஒருபோதும் கூடாது.

பிறேக்கைத் திருத்துவதற்காக இயந்திரத்தை ஒரு நாள் நிறுத்தினால் அந்நாளின் உழவே பிந்தும். நிறுத்தாது ஓட்டினால் இழக்கக்கூடியது ஓட்டுபவரின் உயிர்.