பி.எஸ்.6 கார் சுத்தமானதுதானே, பிறகு எதற்கு கார்பன் விதி?

கேள்வி: என்னிடம் 2021-இல் வாங்கிய பி.எஸ்.6 பெட்ரோல் கார் இருக்கிறது. தவறாமல் புகைப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்கிவிடுகிறேன். அளவு எப்போதும் வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும். ஆனாலும் கார்களுக்கு இன்னும் கடுமையான கார்பன் விதி வருகிறது, போகப்போக எல்லோரும் மின்சாரக் காருக்கு மாற வேண்டியதுதான் என்கிறார்கள். நச்சுப்புகையைத் தடுக்கக் கருவி வைத்தது போல, கார்பனைத் தடுக்கவும் சைலன்சரில் ஒரு கருவி வைத்தால் போதாதா? நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தில் ஓடும் காரால் யாருக்கு என்ன லாபம்?
– வாசகர், நாமக்கல்

பதில்: சைலன்சரில் ஒரு கருவி வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்டதைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. வாகன விதிகளைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள்கூட இந்த இடத்தில் நின்று கேட்பதில்லை. இதற்கு விடை கிடைத்துவிட்டால் விதி ஏன் வந்தது, மின்சாரக் கார் எதற்கு என்ற மற்ற இரண்டும் எளிதில் விளங்கிவிடும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். பி.எஸ்.6 கார் சுத்தமானது, அதனால் அது விடும் கார்பனும் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ். ஒரு வண்டி எவ்வளவு நச்சை வெளியே விடலாம் என்று அரசு வகுத்த படிநிலை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் ஆறாம் படி நடைமுறையில் இருக்கிறது. நான்காம் படியில் இருந்த நாம் ஐந்தைத் தொடாமலே ஆறுக்கு ஏறினோம். உடலைக் கெடுக்கும் நான்கு பொருள்களை அது கட்டுப்படுத்துகிறது. ஒன்று கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜன் சேரவிடாமல் தடுக்கும் வாயு. இரண்டாவது ஹைட்ரோகார்பன், அதாவது முழுதாக எரியாமல் தப்பி வரும் எரிபொருள். மூன்றாவது நுரையீரலை அரிக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள். நான்காவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்ததை ஆறாம் படி 80 மில்லிகிராமாகக் குறைத்தது. எரிபொருளில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம் 10 பங்காயிற்று. இவை பெரிய சாதனைகள்.

ஆனால் புவி வெப்பமாவதற்குக் காரணமான கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, அந்தப் பட்டியலிலேயே இல்லை. புகைப் பரிசோதனை நிலையத்திலும் பெட்ரோல் வண்டி என்றால் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், டீசல் வண்டி என்றால் புகையின் அடர்த்தியையும் வைத்துத்தான் தேறியதா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். உங்கள் சான்றிதழ் நச்சுக்கு உண்மையான நற்சான்று. கார்பனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இனி உங்கள் கருவிக்கு வருவோம். உங்கள் காரின் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ற பாகம் இருக்கிறது. தமிழில் வினையூக்கி மாற்றி என்பார்கள். வினையூக்கி என்பது தான் செலவாகாமல் ஒரு வேதிவினையை விரைவாக நடத்திவைக்கும் பொருள். நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களைப் பூசி இதைச் செய்கிறார்கள். வடிகட்டியைப் போல இது எதையும் பிடித்துவைப்பதில்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்றி வெளியே அனுப்புகிறது. நைட்ரஜன் ஆக்சைடு தீங்கில்லாத நைட்ரஜனாகிறது. ஹைட்ரோகார்பன் நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. கார்பன் மோனாக்சைடு முழுக்கவும் கரியமில வாயுவாகிவிடுகிறது. நச்சை நீக்கும் கருவியே கரியமில வாயுவை உண்டாக்குகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எஞ்சின் எவ்வளவு நேர்த்தியாக எரித்தாலும், பெட்ரோலில் இருந்த கார்பன் கடைசியில் அந்த வாயுவாகத்தான் வெளியேறும்.

எவ்வளவு வெளியேறும்? ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அதில் சுமார் 640 கிராம் கார்பன். கார்பன் அணுவின் எடை 12. எரியும்போது அது எடை 16 உள்ள ஆக்சிஜன் அணுக்கள் இரண்டைக் காற்றிலிருந்து சேர்த்துக்கொள்கிறது. மொத்தம் 44. ஆக, 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவாகிறது. இந்தக் கணக்கில் ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். முக்கால் கிலோ பொருளிலிருந்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று பலர் சந்தேகப்படுவார்கள். கூடிய எடையெல்லாம் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன்.

இதை வண்டியிலேயே பிடித்துவைக்கலாமா? 35 லிட்டர் டேங்க் ஒன்று காலியானால் 80 கிலோ வாயு சேர்ந்துவிடும். அழுத்தாமல் வைத்தால், பத்தடி உயரமுள்ள பத்துக்குப் பன்னிரண்டு அறையை நிரப்பி மிச்சமும் இருக்கும். அழுத்திச் சுருக்க வேண்டுமானால் கனமான உருளைகள் வேண்டும். அழுத்துவதற்கே எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கு போகும். பெட்ரோல் போடும்போதெல்லாம் அந்த 80 கிலோவை இறக்கி எங்கோ புதைத்தாக வேண்டும். நச்சு என்பது எரிதலில் நேரும் குறை. குறையைக் கருவியால் திருத்தலாம். கரியமில வாயுவோ எரிதலின் விளைபொருள். அதைக் குறைக்க ஒரே வழி, குறைவாக எரிப்பது.

இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள் என்பதை ஐரோப்பா பட்டுத் தெரிந்துகொண்டது. டீசல் எஞ்சின் அதே தூரத்துக்குக் குறைவாக எரிபொருள் குடிக்கும், கார்பனும் குறையும். அதை நம்பிப் பல நாடுகள் டீசல் காருக்கு வரிச்சலுகை தந்தன. மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல் என்ற நிலைகூட ஒரு கட்டத்தில் வந்தது. நகரக் காற்றில் நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் மிகுந்தன. சோதனைக்கூடத்தில் மட்டும் நச்சைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015-இல் அம்பலமானது. கார்பனை மட்டும் பார்த்து நச்சை விட்டதன் விளைவு அது. நச்சை மட்டும் பார்த்துக் கார்பனை விடுவதும் அதே பிழைதான். ஆகவே இரண்டு தனித்தனி விதிகள் வேண்டியிருக்கின்றன.

இந்தியாவில் கார்பனுக்கான விதியின் பெயர் கஃபே. ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் விற்கும் எல்லாக் கார்களையும் சேர்த்து, சராசரி எரிபொருள் செலவுக்கு வரம்பு வைக்கும் விதி இது. மத்திய மின்துறையின் கீழுள்ள எரிசக்தித் திறன் செயலகம் இதை வகுக்கிறது. முதல் கட்டம் 2017-18-இல் தொடங்கியது. சராசரி வரம்பு கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு. 2022-23 முதல் 113 கிராம். மைலேஜாகச் சொன்னால், சோதனை முறையில் லிட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். மூன்றாம் கட்டத்தை 2027 ஏப்ரலிலிருந்து கொண்டுவரத் திட்டமிட்டிருக்கிறார்கள். இந்த விதி தயாரிப்பாளரைக் கட்டுப்படுத்துவது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் காரை அது தொடாது.

எரிப்பதைக் குறைத்தே ஆக வேண்டும் என்று வந்தபிறகு, மின்சாரக் கார் வந்து சேர்வது இயல்பு. இங்கே உங்கள் இரண்டாவது ஐயம் எழுகிறது: மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது? உண்மைதான், இந்தியாவின் மின் உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரி. அப்படியானால் புகை வீட்டு வாசலிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறியதோடு சரி என்று முடிவு கட்டிவிடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மீதி வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியாகிறது. சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் ஏழு கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தால் கிலோமீட்டருக்கு 100 கிராம். மின்கம்பியிலும் சார்ஜரிலும் போகும் இழப்பையும் சேர்த்தால் 125 கிராம் அளவில் வரும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் புகைக்குழாயில் மட்டும் 144 கிராம் விடுகிறது. கச்சா எண்ணெய் எடுத்து, கப்பலில் கொண்டுவந்து, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரை சேர்ப்பதற்கான கார்பனையும் கூட்டினால் 170 கிராமைத் தாண்டும்.

மின்சாரக் காருக்கு இன்னொரு செலவும் உண்டு. அதன் பேட்டரியைத் தயாரிக்கும்போதே கணிசமான கார்பன் வெளியாகிவிடுகிறது. கார் முதல் கிலோமீட்டர் ஓடும்போதே இந்தக் கடனோடுதான் ஓடுகிறது. உற்பத்தி முதல் கழிவு வரை எல்லாவற்றையும் கணக்கிடுவதை வாழ்நாள் மதிப்பீடு என்பார்கள். சுத்தமான போக்குவரத்துக்கான சர்வதேச கவுன்சில் 2021-இல் வெளியிட்ட அத்தகைய ஆய்வின்படி, அந்த ஆண்டு பதிவான மின்சாரக் கார் ஐரோப்பாவில் பெட்ரோல் காரைவிட 66 முதல் 69 சதவீதம் குறைவான கார்பனை வெளியிடும். இந்தியாவில் அந்த மிச்சம் 19 முதல் 34 சதவீதம்தான். இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் மின்சாரம்தான். ஆகவே மின்சாரக் காரால் லாபமே இல்லை என்பதும் தவறு, அது கார்பனே விடாது என்பதும் தவறு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக, இன்று ஓடும் மின்சாரக் காரின் கார்பனும் ஆண்டுக்கு ஆண்டு குறையும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பத்தாண்டு கழித்தும் ஒரு லிட்டருக்கு அதே 2.3 கிலோதான்.

விதி எப்படி இருக்க வேண்டும் என்பதில் வலுவான கருத்து வேறுபாடுகள் இருக்கின்றன. இப்போதைய முறையில், ஒரு நிறுவனத்தின் கார்களின் சராசரி எடை கூடினால் அதற்கான வரம்பும் தளர்கிறது. 100 கிலோ கூடினால் ஏறக்குறைய 5 கிராம் கூடுதலாகக் கிடைக்கும். விற்ற மின்சாரக் கார் ஒன்றை மூன்றாக எண்ணிக்கொள்ளவும் இடமுண்டு. அதனால் சில மின்சாரக் கார்களை விற்று, நிறைய எரிபொருள் குடிக்கும் பெரிய வண்டிகளுக்குச் சராசரியில் இடம் பிடிக்கலாம். சிறிய கார்களையே அதிகம் விற்கும் நிறுவனங்கள் தங்களுக்குச் சலுகை கேட்கின்றன. மின்சாரக் கார்களில் முதலீடு செய்த நிறுவனங்கள் அதை எதிர்க்கின்றன.

இதில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரக் காருக்கு ஊக்கம் வேண்டும்; ஆனால் ஒன்றை மூன்றாக எண்ணுவது தொடக்க காலத்துக்கு மட்டும் பொருந்தும். எடை கூடினால் வரம்பு தளர்வது நியாயமே இல்லை. எடைதான் எரிபொருளைக் குடிக்கிறது. அதற்கே சலுகை தந்தால் விதி தன் நோக்கத்துக்கு எதிராகப் போகும். கார் விதியோடு மின் உற்பத்தியும் சேர்ந்து மாறவில்லை என்றால் ஐரோப்பாவில் கிடைக்கும் பலன் நமக்குக் கிடைக்காது.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். நன்றாக ஓடும் காரை இந்த விதிக்குப் பயந்து விற்காதீர்கள். டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். தேவையில்லாத பாரத்தை இறக்குங்கள். வேகத்தைச் சீராக வைத்து ஓட்டுங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் 2.3 கிலோ. அடுத்த கார் வாங்கும்போது எடையையும் மைலேஜையும் முதலில் பாருங்கள். தினமும் நிறைய ஓடுகிறவர் என்றால், வீட்டில் சார்ஜ் செய்ய வசதியும் இருந்தால், மின்சாரக் காரைத் தயங்காமல் வாங்கலாம். கூரையில் சூரியத் தகடு இருந்து பகலில் சார்ஜ் செய்ய முடிந்தால், நிலக்கரியைப் பற்றிய உங்கள் கவலையிலும் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.