நோயுற்ற பிராணிக்கு அவசரச் சிகிச்சை: செலவுக்கு வழி

சிவகாசி வட்டாரத்துக் கிராமங்களில், பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் செல்லும் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் ஒரு வெள்ளாடோ நாயோ கட்டியிருக்கக் காண்கிறோம். ஆடு, முடை நேர்ந்தால் விற்பதற்குரிய சேமிப்பு. நாய், வீட்டிற்கும் பட்டிக்கும் காவல். நம் மாவட்டத்து இராஜபாளையம் நாய்க்கு 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆயினும் அப்பிராணி நள்ளிரவில் நோயுற்று வீழ்ந்தால் அதனை வளர்ப்பவர் என் செய்வார்?

தீபாவளி கழிந்து ஆலைகள் ஓய்ந்திருக்கும் வாரங்களில் இக்கேள்வி கடுமையாகிவிடுகிறது. தினக்கூலியும் இல்லை, கையிருப்பும் இல்லை. வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். அன்றேல் விதியென்று விட்டுவிட வேண்டும். பின்னதைச் செய்வோரை இரக்கமற்றவர் என ஏசுதல் எளிது. நாம் அவ்வாறு எண்ணவில்லை. பணமிருந்தால் அவரும் மருத்துவரையே நாடுவார்.

மறுநாள் பார்ப்போம் என்று ஒத்திவைக்கத் தகாத நோய்கள் சில உண்டு. ஆட்டின் இடப்பக்க வயிறு உப்பி, அது மூச்சுத் திணறினால் சில மணி நேரத்திற்குள் இறக்கக்கூடும். நாய்க்குட்டி வாந்தியெடுத்து இரத்தமாகக் கழியுமாயின் அது பார்வோ நோயாக இருக்கலாம். இந்நோய்க்குப் பல நாட்கள் குளுக்கோஸ், உப்புநீர் முதலியவை ஏற்ற நேரிடும். செலவு மிகுவது இதனால்தான். உரிய பருவத்தில் போடும் தடுப்பூசிக்கு ஆகும் செலவோ இதில் ஒரு சிறு பங்கே. வீட்டிலுள்ள வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்தல் கூடாது. மனிதருக்கு மருந்தாவது அதற்கு நஞ்சாக முடியலாம். வாயில் நீரொழுகித் தாடை தொங்கும் நாயின் வாய்க்குள் எவரும் கைவிட வேண்டாம். அது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, உள்ள வசதிகளைக் காண்போம். அரசு கால்நடை மருந்தகமே முதற்புகல். 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் இத்தகைய ஊர்திகள் 245 புதிதாக இயக்கிவைக்கப்பட்டன. தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில், 2024-இல் செய்த திருத்தத்தின்படி, பிரீமியத்தில் வளர்ப்பவர் செலுத்த வேண்டியது 15 விழுக்காடு மட்டுமே. எனினும் ஒன்றை மறக்கலாகாது. காப்பீடு அடிப்படையில் ஆடு மாடு இறந்தால் கிடைக்கும் இழப்பீடு. அதனைப் பிழைக்க வைக்கும் செலவுக்கு அது உதவாது. வெளியில் வாங்கும் மருந்து, ஆட்டோ வாடகை, தனியார் மருத்துவரின் கட்டணம் ஆகியவை குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன.

இவ்விடைவெளியை அடைக்க ஊரிலுள்ள மகளிர் குழுவே போதும். இருபது பேர் மாதந்தோறும் பத்து ரூபாய் செலுத்தினால் ஆண்டிற்கு 2,400 ரூபாய் சேரும். தொகை சிறிதே, ஆனால் வட்டிக்காரர் வீட்டுப் படியேறாமல் முதல் நாள் மருந்தை வாங்க இது பயன்படும். இதனை இனாமாகக் கொடாமல், வட்டியில்லாக் கடனாகக் கொடுத்துச் சிறு தவணைகளில் திரும்பப் பெறுவதே நன்று. இனாமாகக் கொடுத்தால் இரண்டாவது ஆட்டிற்கே நிதி தீர்ந்துவிடும்!

வங்கியிலுள்ள பணம் நள்ளிரவில் உதவாது. ஆகையால் ஐந்நூறு ரூபாயேனும் ரொக்கமாக ஊரிலேயே இருத்தல் வேண்டும். அதனைக் கொடுக்கும் அதிகாரம் இரு உறுப்பினரிடம் இருக்கட்டும். கூட்டம் கூட்டித் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தால் ஆடு காத்திராது. மருந்துச் சீட்டை மறுநாள் பெற்றுக் கணக்கில் வைக்கலாம். அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபையில் பஞ்சாயத்தார் இக்கணக்கைப் படிக்கச் செய்து, 1962 என்ற எண்ணையும் அருகிலுள்ள மருந்தகத்தின் வேலை நேரத்தையும் அலுவலகச் சுவரில் எழுதிவைக்கலாம். அந்நாளில் நிதி குறைந்திருப்பது தெரிந்தால், தீபாவளி போனஸ் கைக்கு வரும் வேளையிலேயே நிலுவைத் தவணைகளை வாங்கிவிட வேண்டும்.