தார்சா வைத்த பழைய வீட்டுக்குத் திருக்கார்த்திகை அலங்காரம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில் பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. தெருவைப் பார்த்த திண்ணை, மர அழி போட்ட தார்சா, அதைத் தாண்டிப் பட்டாசல், நடுவே வானவெளி, கடைசியில் அடுக்களையும் புறவாசலும். ஐப்பசி பிறந்துவிட்டால் இந்த வீடுகளுக்குச் சோதனைக்காலம். தீபாவளிக்கு மாட்டிய சீரியல் பல்பு திருக்கார்த்திகை வரை மினுக்கிக்கொண்டே இருக்கும். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், அக்டோபர் 31 ஹாலோவீனுக்கு வாங்கி மிச்சமான பிளாஸ்டிக் வௌவாலையும் மண்டையோட்டையும் கொண்டுவந்து நிலைக்கதவில் தொங்கவிடுவார்கள். அடுக்ககத்தின் மொட்டைச் சுவருக்கு இதெல்லாம் தேவைப்படலாம். பழைய வீட்டிலோ விளக்கு வைக்கவும் தோரணம் கட்டவும் கொத்தனாரும் ஆசாரியும் முன்பே இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்த இடங்களை நிரப்பினால் போதும், மற்றதைச் சும்மா விடலாம் என்பது என் கட்சி.

1. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு, பொழுது சாயும் நேரத்தில் எந்த விளக்கையும் போடாமல் தெருவில் நின்று வீட்டைப் பாருங்கள். வாசலின் இரு பக்கமும் உள்ள மாடக்குழிகள், திண்ணைத் தூண்களின் அடிக்கல், நிலைக்கு மேலே இருக்கும் பழைய இரும்புக் கொக்கி, தட்டட்டியின் (மொட்டைமாடியின்) கைப்பிடிச் சுவர் ஆகியவைதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடங்கள். இரண்டு மாடக்குழி இருந்தால் இரண்டு விளக்கு. ஒரு பக்கம் மட்டும் திண்ணை உள்ள வீட்டில், மறு பக்கத்தில் மேஜையைப் போட்டு ஈடுகட்ட வேண்டாம். அந்த ஏற்றத்தாழ்வோடுதான் அது கட்டப்பட்டிருக்கிறது.

2. கூரையைப் பார்த்து விளக்கு வரிசையை முடிவு செய்யுங்கள். மட்டமான தட்டட்டி போட்ட வீட்டுக்குக் கைப்பிடிச் சுவர்தான் முகம். அதன் மேல் நெடுக அகல் வைத்தால் வீட்டின் கோடு அப்படியே எழுந்து வரும். ஓட்டு வீட்டுக்கு இது பொருந்தாது. குறிப்பாகச் செங்கோட்டைப் பக்கம் உள்ள வீடுகள் வேறு சாயல். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். அங்கே செங்குத்தாக இறங்கும் ஓட்டுக்கூரையும் மரவேலை செய்த முகப்பும் நிறையப் பார்க்கலாம். அந்த வகை வீட்டில் கூரையை இருட்டாகவே விட்டு, திண்ணையிலும் படியிலும் மட்டும் விளக்கை வையுங்கள். தாழ்வான வெளிச்சத்தில்தான் ஓட்டின் சரிவு தெரியும். சீரியல் பல்பு கட்டுவதற்காக ஓட்டில் ஏறி நடக்கவே கூடாது. மழைக்காலத்தில் ஓர் ஓடு விரிசல் விட்டாலும் கைமரம் வரை ஈரம் இறங்கும்.

3. ஆணி அடிக்காதீர்கள். இந்த வீடுகளின் பூச்சு சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்த காரை. சிமெண்டைவிட மென்மையானது. ஓர் ஆணி அடித்தால் ஓட்டை மட்டும் விழாது, சுற்றிலும் ஒரு தட்டு அகலத்துக்குக் காரை செங்கல்லை விட்டுக் கழன்று நிற்கும். உடனே தெரியாது, அடுத்த மழையில் பெயர்ந்து விழும்போதுதான் தெரியும். செல்லோ டேப்பும் இரட்டைப் பக்க டேப்பும் இன்னொரு வகைத் தொல்லை. உரிக்கும்போது வெள்ளையையும் சேர்த்து உரித்துவிடும். கட்ட வேண்டியதைத் தூணைச் சுற்றியோ, இறவாரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கைமர நுனியிலோ வாழைநாரால் கட்டுங்கள். தூணுக்குத் தூண் ஒரு மூங்கில் கழியைக் கட்டிவிட்டால் அதில் எதை வேண்டுமானாலும் தொங்கவிடலாம். ஊஞ்சலுக்கும் தொட்டிலுக்கும் போட்ட கொக்கிகள் இருந்தால் யோகம்தான்.

4. திருக்கார்த்திகைக்காக வெள்ளையடிக்க வேண்டாம். மழைச் சாரலில் நனைந்த சுவரில் சுண்ணாம்பு சரியாக இறுகாது, திட்டுத்திட்டாக நிற்கும். அந்த வேலையைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உலர்ந்த தென்னந்துடைப்பத்தால் ஒட்டடை அடித்து, திண்ணையின் அடிப்பக்கம் சேறு தெறித்த இடத்தில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப்பட்டை இழுத்துவிட்டால் போதும். கறையும் மறையும், வெள்ளைச் சுவரும் எடுப்பாகத் தெரியும். எமல்ஷன் பெயிண்ட் பக்கமே போகாதீர்கள். காரைச் சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட வேண்டும்; பெயிண்ட் அந்த வழியை அடைத்துவிடும். பிறகு கொப்புளம் கொப்புளமாக உப்பும்.

5. அகலை அம்பாசமுத்திரத்தைத் தாண்டிக் காருகுறிச்சிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்குங்கள், அல்லது உங்கள் ஊர் வேளாரிடமே வாங்குங்கள். தங்க நிறமும் கண்ணாடிக் கல்லும் ஒட்டிய அச்சு அகல்கள் சுண்ணாம்புச் சுவர் முன்னால் துருத்திக்கொண்டு தெரியும். வெறும் மண் நிறம்தான் ஓட்டோடும் காவியோடும் சேரும். புது அகலை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்திய பிறகு எண்ணெய் ஊற்றினால் மண் அதிகம் எண்ணெய் குடிக்காது.

6. எண்ணெய்க் கறைதான் பழைய வீட்டின் முதல் எதிரி. கல்லிலும் காரைத் தரையிலும் எண்ணெய் இறங்கிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. ஒவ்வொரு அகலுக்கும் அடியில் ஒரு பூவரச இலையையோ வாழை இலைத் துண்டையோ வையுங்கள். பார்க்கவும் நன்றாக இருக்கும். கைப்பிடிச் சுவரில் வைப்பதென்றால் அடியில் கொஞ்சம் ஆற்று மணலைப் பரப்பிக்கொள்ளலாம். காற்றுக்கு அகல் ஆடாது, வழியும் எண்ணெயையும் மணல் பிடித்துக்கொள்ளும்.

7. மாடக்குழியில் விளக்கை உள்ளே தள்ளி வைக்காதீர்கள். விளிம்புக்குக் கொண்டுவந்து, திரி தெருவைப் பார்க்கும்படி வைத்தால் வளைவின் உச்சியில் கரி ஏறாது. முன்பே கரி பிடித்திருந்தால் ஈரத்துணியால் தேய்ப்பது தவறு. கரி காரைக்குள் இறங்கி நிரந்தரமாகிவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் மெல்லத் தட்டி எடுங்கள். மிச்சத்தைப் பொங்கல் வெள்ளை பார்த்துக்கொள்ளும். கொஞ்சம் கரி இருந்தால்தான் என்ன? எத்தனையோ கார்த்திகை எரிந்த இடம் அது.

8. மின்விளக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மழை பெய்து அகல் அணைந்தால் கைகொடுக்கும். ஆனால் நிறம் மாறி மாறி ஓடும் வகையை ஒதுக்கிவிட்டு, ஒரே நிறத்தில் நின்று எரியும் மஞ்சள் எல்இடியை எடுங்கள். அட்டைப்பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கும். எண்ணெய்ச் சுடரின் நிறம் சுமார் 1900 கெல்வின். அதற்கு ஓரளவு அருகில் போகக் கூடியது இது. 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் காரைச் சுவரை ஆஸ்பத்திரிச் சுவராக்கிவிடும். வெள்ளை வெளிச்சத்துக்கு ஈசல் கூட்டம் கூட்டமாக வரும்; மஞ்சளுக்குக் குறைவு. பல்பைக் கண்ணில் படும்படி தொங்கவிடாமல், தூணுக்குப் பின்னாலோ உத்தரத்தின் மேலோ மறைத்து வையுங்கள்.

பழைய மரப்பட்டிக்குள் ஓடும் வயரில் புதிய இணைப்பு கொடுப்பதற்கு முன் எலக்ட்ரீசியனிடம் காட்டிவிடுங்கள். திண்ணையில் நனையும் இடத்தில் ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றுவது உயிரோடு விளையாடுவது.

9. பயமுறுத்தும் அலங்காரம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், அழியைப் பயன்படுத்துங்கள். தார்சாவின் உள்ளே, தரை மட்டத்தில் ஒற்றை விளக்கை வைத்து மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். மரக்கம்பிகளின் நிழல் தெருவைக் கடந்து எதிர்வீட்டுச் சுவர் வரை நீளும். அழிக்குப் பின்னால் ஒருவர் நடந்தால் அந்த நிழலும் நடக்கும். காசு கொடுத்து வாங்கிய எந்த மண்டையோடும் இதற்கு ஈடாகாது. மறுநாள் காலையில் கழற்றவும் ஒன்றுமில்லை.

10. தடியங்காய், அதாவது சாம்பல் பூசணி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் வழக்கம் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கில் தொடங்கியது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள், அந்த மண்ணிலேயே விளைந்த மஞ்சள் பூசணி பெரிதாகவும் குடைய எளிதாகவும் இருந்ததால் அதற்கு மாறினார்கள். நம் ஊரில் கோர முகம் எழுதி வாசலில் தொங்குவது ஆசியாவிலேயே தோன்றிய தடியங்காய். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: வேண்டாததை வாசலோடு திருப்பி அனுப்புவது. ஆகவே பழைய வீட்டுக்கு வெளிநாட்டு முகம் எதுவும் தேவையில்லை, தடியங்காயே போதும்.

ஆனால் பெயிண்ட் அடித்த அரக்க முகத்தைவிட, வெள்ளைச் சாம்பல் பூத்த முழுக்காய் எத்தனையோ மேல். அந்தச் சாம்பல்தான் காயைக் காக்கும் பூச்சு, துடைக்காதீர்கள். காம்போடு, கீறல் படாத காயாகப் பார்த்து எடுத்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஐந்தாறு கிலோ எடை இருக்கும் என்பதால், நிலைச் சட்டத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடாமல் கயிற்று உறி பின்னி உத்தரத்தில் கட்டுங்கள். ஆள் நடக்கும் வழிக்கு நேர் மேலே வேண்டாம். வாரம் ஒரு முறை அடியைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அன்றைக்கே இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகி விழும். உடைப்பதென்றால் ரோட்டின் நடுவில் உடைக்காதீர்கள். இருசக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்வது வருஷா வருஷம் நடக்கிறது.

திண்ணை ஓரத்தில் முழு மஞ்சள் பூசணி நாலைந்தை வரிசையாக வைத்தால் அதுவே அலங்காரம். பொங்கலுக்குக் கறியாகவும் ஆகிவிடும்.

11. எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிடுகிறவர்கள் கம்பிக்குப் பதில் நூலில் கோத்துக்கொள்ளுங்கள். துருவும் சாறும் சேர்ந்து நிலையில் வடிந்த கறை போகவே போகாது. புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். பக்கத்திலேயே இருக்கும்போது பிளாஸ்டிக் எலுமிச்சையை வாங்கித் தொங்கவிடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

12. பூவுக்குச் சங்கரன்கோவில் சந்தை இருக்கிறது. கார்த்திகை மாத மழையில் மல்லிகையும் பிச்சியும் விலை ஏறும், சீக்கிரம் வதங்கும். கேந்தியும் கோழிக்கொண்டையும் தாங்கும். தூண் முழுக்கச் சுற்ற வேண்டாம். கடைந்த மரத்தூணின் வேலைப்பாடு மறைந்துவிடும். நிலைக்கு மேல் ஒரே ஒரு சரம், நடுவில் கொஞ்சம் தொய்வாக. மாவிலைத் தோரணம் காய்ந்தாலும் அழகு கெடாது. திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை அவிக்க எப்படியும் பனங்குருத்தோலை வெட்டி வருவீர்கள். அதில் மிஞ்சியதைக் கிழித்து மடித்துக் கிளியும் மீனும் செய்து, அந்தச் சரத்தோடு கட்டச் சொல்லுங்கள். வீட்டில் ஆச்சி இருந்தால் அவர் கை தானாகவே செய்யும்.

13. ஸ்டிக்கர் கோலம் ஒட்டாதீர்கள். கல்படியில் பசை நின்றுவிடும். பச்சரிசி மாவைக் கரைத்து இழைக்கோலம் போட்டு, சுற்றிக் காவி பூசினால் போதும். கோலத்தின் அகலம் வாசல் நிலையின் அகலத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். சிவப்புத் தரை உள்ள தார்சாவில் ஆசிட் கலந்த கிளீனரால் கழுவக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பின் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தாலே மினுங்கும்.

14. நிலைக்கதவின் பித்தளைக் குமிழைப் புளி போட்டுத் துலக்குங்கள்; புளித்தண்ணீர் மரத்தில் இறங்காதபடி சுற்றிலும் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கதவுக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவலாம். முக்கியமான எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு. விரித்துக் காயவிட்டு, காய்ந்த பின் அப்புறப்படுத்துங்கள்.

15. திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தால் அன்று ஒரு நாளைக்குப் புறவாசலுக்குப் போகட்டும். பத்தமடைப் பாய் ஒன்றை விரியுங்கள். பட்டுப்பாயை வெளியே போட வேண்டியதில்லை, சாதாரணக் கோரைப்பாய் போதும்.

16. பனம்பூக் கரியைப் பொதிந்து கட்டி மாவலி சுற்றுகிற பிள்ளைகள் வைக்கோல் படப்பிலிருந்தும் ஓலைக் கொட்டகையிலிருந்தும் தள்ளி, திறந்த இடத்தில் சுற்றட்டும். நைலான் துணி வேண்டாம், பருத்திதான் உடுத்த வேண்டும். அந்தக் கரியின் பொறி பார்க்கத்தான் சாது.

17. மறுநாளே எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். அகலைச் சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவி, இரண்டு வெயில் காயவைத்து, வைக்கோலுக்கு நடுவில் அடுக்கி மச்சில் வைத்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். சீரியல் செட்டைச் சுருட்டும்போது அட்டையில் சுற்றி வையுங்கள். வாழைநார்க் கட்டுகளை அறுத்து எடுக்க மறந்துவிடாதீர்கள். தூணில் நார் நனைந்து நனைந்து கிடந்தால் அந்த இடத்தில் மரம் கறுத்துப்போகும்.